நகரபிதாவும் இருபத்தைந்து மடங்குக் கண்ணாடியும்

மனிதன் தனக்குத் தேவையில்லாத பொருளை வாங்கும்போதுதான் மிகக் கவனமாகப் படிக்கிறான், நாலு பேரிடம் விசாரிக்கிறான், நித்திரை இல்லாமல் யோசிக்கிறான். ஹேர்னிங் என்ற இந்த டேனிஷ் ஊரில் வீடு வாங்க நான் எடுத்துக்கொண்டது இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள். பெண் பார்க்க எடுத்துக்கொண்டது ஒரு புகைப்படமும் அரை மணித்தியாலமும். (அதில் ஒரு தவறும் நடக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். இதை வாசிக்கப் போகிறவர்களில் அவளும் ஒருத்தி.) ஆனால் துப்பாக்கியின், எங்கள் பேச்சில் துவக்கின், மேல் பூட்டுகிற ஒரு கண்ணாடிக் குழாயைத் தேர்ந்தெடுக்க எனக்கு முழுதாக மூன்று மாதம் பிடித்தது.

அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு பொய். பெரிய பொய்கூட இல்லை, ஒரே ஒரு "ஓம்".

என் மகள் தர்ஷினி ஒரு டேனிஷ் பொடியனைக் கலியாணம் செய்யப் போவதாகச் சொன்னதும், வழக்கப்படி நாங்கள் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை மிக்கெலின் தகப்பன் ஜென்ஸ், ஹேர்னிங்குக்கு மேற்கே சின்னதொரு பண்ணையும் அதன் பின்னால் ஒரு துண்டுக் காடும் வைத்திருக்கும் மனிதர். அதிகம் கதைக்க மாட்டார். கோப்பியும் கேக்கும் மேசையில் இருந்தன. மேசையைச் சுற்றி அமைதி இருந்தது. நான் வேலை செய்யும் மரத் தொழிற்சாலையில் கற்ற டேனிஷ் மொழி பலகையைப் பற்றியும் லீவைப் பற்றியும்தான் நன்றாகப் பேசும். அப்போது ஜென்ஸ் என்னைப் பார்த்து, உங்கள் நாட்டில் வேட்டைக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

உண்மை என்னவென்றால், பதினொரு வயதில் மாமா ஒருவர் முயல் அடிக்கப் போனபோது தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முயல் தப்பிவிட்டது. தண்ணீரையும் நானே குடித்துவிட்டேன்.

ஜென்ஸின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் திருத்திச் சொல்ல மனம் வரவில்லை. சொந்த மகன் மிக்கெல் இரத்தத்தைக் கண்டால் உட்காரக் கதிரையைத் தேடுகிற ஆள் என்பதால், வேட்டைப் பரணில் பக்கத்தில் இருக்க ஒரு துணை கிடைத்ததே என்று அவருக்குச் சந்தோஷம். வேட்டை அனுமதிப் பத்திரம் எடுத்துவிட்டு வாருங்கள், வைகாசியில் மான் பருவம் தொடங்கும்போது சேர்ந்து போகலாம் என்றார். ஆகவே ஒரு சொல் பொய் சொன்ன குற்றத்துக்காக நான் ஒரு வருடம் வகுப்புக்குப் போனேன். பறவையின் நிழலைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவும், மானின் பல்லைப் பார்த்து அதன் வயதைச் சொல்லவும் படித்தேன். சோதனை பாஸ். துவக்குச் சோதனையும் பாஸ். பொலிஸ் அனுமதியும் வந்தது.

என் மனைவி சாந்தி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"துவக்குக்குப் பயந்துதானேயப்பா இந்தக் குளிருக்குள்ள வந்து கிடக்கிறம்," என்றாள். "இப்ப நீங்களே காசு குடுத்து ஒண்டு வாங்கப் போறியள்."

நான் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

துவக்கு பழையதொன்று அமைந்துவிட்டது. மிச்சம் ஸ்கோப். அதாவது துவக்கின் முதுகில் ஏறி உட்கார்ந்து தூரத்தில் நிற்பதைக் கிட்டவாகக் காட்டும் குழாய். ஜென்ஸிடம் கேட்டபோது, எங்கள் காட்டில் நூறு மீற்றரே தூரம்தான், சின்னதாக ஒன்று போதும் என்றார். அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். விருந்துக்குப் போகும்போது ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்வார்கள் அல்லவா, அதுபோல. வேண்டாம் என்றார்களே என்று வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போகிற தமிழன் உண்டா?

இந்த இடத்தில் என் மைத்துனன் ரவியை அறிமுகப்படுத்த வேண்டும். சாந்தியின் தம்பி, கோல்டிங்கில் பஸ் ஓட்டுகிறான். வாழ்க்கையில் துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் இணையத்தில் அவன் வெல்லாத சூட்டுப் போட்டி இல்லை. நாளொன்றுக்கு மூன்று வீடியோ வீதம் எனக்கு அனுப்பினான். முதலாவதில் என் அறியாமை விலகியது, மூன்றாவதில் திரும்பி வந்தது. எத்தனை மடங்கு பெருப்பிக்க வேண்டும், முன்கண்ணாடி எவ்வளவு அகலம் வேண்டும், குறி பார்க்கும் கோடு வெறும் சிலுவையா அல்லது கிளை கிளையாகப் பிரிகிற மரமா, படம் பெருக்கும்போது கோடும் சேர்ந்து பெருக்க வேண்டுமா, நடுவில் சிவப்பு விளக்கு வேண்டுமா, காற்றுக்கும் தூரத்துக்கும் திருகுகிற குமிழ்களுக்கு மூடி வேண்டுமா என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்தேன். என் சொந்தப் படிப்புக்கே நான் இவ்வளவு குறிப்பு எடுத்ததில்லை.

"மச்சான், மானுக்கு மட்டும் எடுத்தியெண்டால் மானோட முடிஞ்சுது," என்றான் ரவி. "போட்டிக்கும் பாவிக்கிற மாதிரி எடு. ஆயிரம் மீற்றருக்கு அடிக்கலாம்."

"ஜென்ஸின்ர காணியே அவ்வளவு நீளம் வராதடா."

"அது அவருக்குள்ள குறை. நீ ஏன் குறையிறாய்?"

இந்தத் தர்க்கம் எனக்கு மிகச் சரியாகப் பட்டது.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. மூன்றே கேள்வி கேட்டாள். எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள், எங்கே இருந்து சுடுவீர்கள், எந்த வெளிச்சத்தில் சுடுவீர்கள். எழுபது எண்பது மீற்றர், மரப் பரண், விடியற்காலை என்றேன். அவள் உடனே ஒரு சிறிய ஸ்கோப்பை எடுத்து வைத்தாள். இரண்டு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை, கோடு தடிப்பு, பார்வை அகலம், துவக்கோடு ஒட்டித் தாழ்வாக உட்காரும். காட்டுக்கு இதுதான் என்றாள்.

நான் பக்கத்தில் கிடந்ததைக் காட்டினேன். அது பிள்ளைத்தாய்ச்சி மாதிரி முன்பக்கம் பெருத்து, மூன்று குமிழ்களோடு கம்பீரமாகக் கிடந்தது. ஐந்திலிருந்து இருபத்தைந்து மடங்கு. அது போட்டிக்காரர்களுக்கு என்றாள் அவள். தூரத்தில் அசையாமல் நிற்கிற அட்டையில் ஒரு புள்ளியைச் சுடுவதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் குறைந்த மடங்கில் அதன் கோடு தலைமயிர் மாதிரி மெலியும், கூடிய மடங்கில் பார்வை ஒரு பூட்டின் திறப்புத் துவாரம் அளவுக்குச் சுருங்கும், முன்கண்ணாடி பெரிதாக இருப்பதால் துவக்குக்கு மேலே உயர்த்தித்தான் பூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் அவள், நீங்கள் வேட்டைக்காரரா போட்டிக்காரரா என்று கேட்டாள். இரண்டும் என்றேன். (அதுவரை நான் ஒரு மிருகத்தைச் சுட்டதுமில்லை, ஒரு போட்டியில் நின்றதுமில்லை. ஆகவே இரண்டும் என்று சொன்னதில் ஒருவித நேர்மை இருந்தது.)

பெரியதை வாங்கினேன்.

துவக்கு சட்டப்படி இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. ஸ்கோப்போ மூன்று கிழமை வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கலியாணம் நெருங்குவதால் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்த ஒவ்வொருவரையும் யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், குழாயைக் கண்ணில் வைத்து, எதிர்வீட்டுக்காரரின் தோட்டத்துக் கரட் செடியைக் காட்டி, சிவப்பு விளக்கையும் போட்டுக் காட்டினேன். வடை, தேநீர், விளக்கு. அதுதான் முறை. பிறகு கடையில் கொடுத்துத் துவக்கில் பூட்டுவித்தேன். நல்ல பகல் வெளிச்சத்தில் சுடுதளத்து மேசையில் வைத்துச் சுட்டுப் பார்த்தபோது ஐந்து குண்டும் ஒரு தேநீர்க் கோப்பை வாய்க்குள் அடங்கின. என்னைப் பற்றி எனக்கே மரியாதை வந்துவிட்டது.

அந்தக் கிழமை ஜென்ஸ் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய காடு சின்னது. வருடத்துக்கு ஒரு ஆண் மான்தான் சுடுவார், அதற்கு மேல் சுட்டால் காடு வெறுமையாகிவிடும் என்பது அவர் கணக்கு. அந்த வருடத்து மானை மாரிகாலம் முழுவதும் பார்த்து வைத்திருந்தார். காலையில் வயலை மேற்பார்வை செய்கிற மாதிரி நடந்து போவதால் அதற்கு நகரபிதா என்று பெயரும் வைத்திருந்தார். அதை நீங்கள்தான் சுட வேண்டும் என்றார். கலியாணத்துக்கு முதல்நாள் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு அந்த இறைச்சிதான்.

தன் ஒரே மானை எனக்குக் கொடுக்கிறார். இரண்டு தரம் நன்றி சொன்னேன். சாந்திக்குக்கூட மனம் இளகி, அன்றைக்கே மிளகாய்த்தூளுக்கு வறுக்கத் தொடங்கினாள். நான் கோல்டிங்கிலிருந்து கோப்பன்ஹேகன்வரை எல்லோருக்கும் சொன்னேன், விருந்துக்கு மான் கறி, சுடுவது பெண்ணின் தகப்பன். தர்ஷினி மட்டும் டேனிஷில், அப்பா, முதலில் சுட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

வேட்டைக்கு முதல்நாள் சாந்தி ஒரு நிபந்தனை போட்டாள். புதுக்கார் வாங்கினால் பொட்டு வைக்காமல் தெருவில் இறக்குவோமா? இந்தச் சனியனும் வீட்டைவிட்டுப் போவதென்றால் ஒரு பூசை செய்யத்தான் வேண்டும். சாமியறைக்குள் துவக்கு வரக்கூடாது என்பதால் தட்டோடு அவளே அலுமாரியடிக்கு வந்தாள். கற்பூரம் காட்டி, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கக்கூடாது பிள்ளையாரப்பா என்று வாய்விட்டு வேண்டினாள். மரப்பிடியில் சந்தனம் வைத்தாள். நான் வெற்றிலையை எடுக்கத் திரும்பிய நேரத்தில், காரென்றால் முன்விளக்கில் வைப்போமே என்று ஸ்கோப்பின் பெரிய முன்கண்ணாடியின் நடுவிலும் ஒரு பொட்டு வைத்தாள். நல்ல குழைத்த சந்தனம். நான் பார்க்காமல் மூடியைப் போட்டு மூடினேன்.

மறுநாள் விடியும் நேரம் ஜென்ஸின் பரணில் இருந்தோம். பரண் என்றால் நாலு கால், உட்கார ஒரு வாங்கு, முன்னால் துவக்கைச் சாத்தி வைக்க ஒரு தடித்த பலகை. மடியில் துவக்கு. பக்கத்தில் ஜென்ஸ், தன் பழைய துவக்கோடு. அதன் மேலிருந்த ஸ்கோப் ஒரு சின்னக் குழாய், குமிழ்கூட இல்லை. அவர் என்னுடையதை நீண்டநேரம் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, விரும்பினால் என்னுடையதால் சுடலாமே என்றார். வேண்டாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கு வந்த கடைசி நல்ல வாய்ப்பு அதுதான்.

மூடியைக் கழற்றிக் கண்ணை வைத்தேன். வயல் முழுவதும் மஞ்சள் கலந்த பனிமூட்டம். பனி இறங்கிவிட்டதே என்று கிசுகிசுத்தேன். ஜென்ஸ் வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார், பனி இல்லை என்றார். குனிந்து முன்கண்ணாடியை விரலால் தொட்டு முகர்ந்தார். சமய விஷயம் என்று விளக்கினேன். அவர் மரியாதையோடு தலையசைத்துத் தன் கைக்குட்டையைத் தந்தார்.

துடைத்து முடிக்கவும் நகரபிதா வரவும் சரியாக இருந்தது. எழுபது மீற்றர் இருக்கும். ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, செம்மண் நிறம், மூன்று கிளைக் கொம்பு. அவசரமில்லாமல் மேய்ந்தது. குறி வைக்கலாம் என்று பார்த்தால் குறிக்கோட்டையே காணவில்லை. ஐந்து மடங்கில் அது மயிர்போல மெலிந்து மங்கல் வெளிச்சத்தில் கரைந்திருந்தது. சிவப்பு விளக்கைப் போட்டேன். எரியவில்லை. பற்றரி முழுவதும் வடை சாப்பிட வந்தவர்களுக்கு எதிர்வீட்டுக் கரட் செடியைக் காட்டியதில் முடிந்துபோயிருந்தது.

கோடு தெரிய வேண்டுமென்றால் பெருப்பிக்க வேண்டும். இருபத்தைந்துக்குத் திருகினேன். கோடு தெரிந்தது. மானைக் காணவில்லை. ஒரு புல் தெரிந்தது. புல்லில் ஒரு பூச்சி தெரிந்தது. அந்தப் பூச்சியின் கால்களை எண்ணலாம். ஜென்ஸ் காதுக்குள் இடது, இடது, இல்லை, மற்ற இடது என்றார். நான் வயலைத் துண்டு துண்டாகத் தேடினேன். கடைசியில் கண்ணாடி முழுவதும் ஒரு கண் வந்து நின்றது. நகரபிதாவின் கண். ஈரமான, பெரிய, கறுத்த கண். இமைமயிர்கூடத் தெரிந்தது.

விரலை விசையிலிருந்து எடுத்தேன். எங்கள் ஆட்கள் இந்தக் கண்ணாடியின் மறுபக்கத்தில் நின்றுதான் பழகியவர்கள். சுடாமல் விட்டுவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். ஆனால் கோல்டிங்கிலிருந்து கோப்பன்ஹேகன்வரை சொல்லியாகிவிட்டது. தூளும் வறுத்தாகிவிட்டது. கண்ணிலிருந்து மெல்லக் கீழே இறங்கித் தோளுக்கு வந்தேன். படம் கறுக்காமல் இருக்க முகத்தை இன்னும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுபோய், குழாயோடு ஒட்டிக்கொண்டு, விசையை இழுத்தேன்.

உலகம் வெடித்தது. மரச்சிராய்கள் மழைபோல எங்கள் மேல் கொட்டின. என் நெற்றியில் யாரோ சுத்தியலால் போட்டமாதிரி இருந்தது. ஒரு கண்ணில் சிவப்பு வழிந்தது. மறுகண்ணால் பார்த்தபோது நகரபிதா காட்டோரத்துக்குப் பாய்ந்து, அங்கே நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தது. (இந்த மான்கள் கோபம் வந்தால் நாய்மாதிரிக் குரைக்கும். வகுப்பில் படித்திருந்தேன். எனக்கே குரைக்கும் என்று படிக்கவில்லை.) நல்ல ஐந்து நிமிடம் ஏசியது.

ஜென்ஸ் முதலில் என் நெற்றியைப் பார்த்தார், கைக்குட்டையை மீண்டும் தந்தார். சந்தனமும் இரத்தமும் சேர்ந்து அது ஒரு கோயில் துணிபோல ஆகிவிட்டது. பிறகு முன்னாலிருந்த பலகையைப் பார்த்தார். நடுவில் விரல் போகும் அளவுக்குத் துளை, மறுபக்கம் கிழிந்து வாய்பிளந்திருந்தது. குண்டு அதற்குள்ளால் போய் பத்தடி தள்ளி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அவர் விளக்கினார்: நான் துவக்கைப் பலகைமேல் சாத்தாமல் அதற்குப் பின்னால் பிடித்திருக்கிறேன். ஸ்கோப் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் என் கண் பலகைக்கு மேலால் மானைப் பார்த்தது, துவக்கின் வாய் பலகையைப் பார்த்தது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டியதால் துவக்கு பின்னுக்கு உதைத்தபோது குழாய் விளிம்பு நெற்றியை வெட்டியது. கடைக்காரப் பெண் சொன்ன ஒவ்வொன்றும் வரிசையாக நடந்திருந்தது. சாந்தியின் வேண்டுதலும் நூறு வீதம் பலித்திருந்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

வைத்தியரிடம் போகிற வழியில் காருக்குள் வெட்கம் தாங்காமல் உண்மையைச் சொன்னேன். நான் வாழ்க்கையில் வேட்டைக்குப் போனதே இல்லை, தண்ணீர்ப் போத்தல்தான் தூக்கினேன்.

"தெரியும்," என்றார் ஜென்ஸ், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேட்டைக்குப் போனாயா என்று வேட்டைக்காரனைக் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பான். நீ ஒரு சொல்லோடு நிறுத்தினாய்."

அப்படியென்றால் ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்காக நீ ஒரு வருடம் படித்தாய் அல்லவா."

நாலு தையல். சாந்தி கதவைத் திறந்து என் நெற்றியைப் பார்த்தாள், வெறுங்கையைப் பார்த்தாள், குளிர்ப்பெட்டியிலிருந்து கோழியை எடுத்து வெளியே வைத்தாள். விருந்தில் எல்லோரும் மான் கறி நன்றாக இருக்கிறது என்று புகழ்ந்து புகழ்ந்து கோழியைச் சாப்பிட்டார்கள். ரவி எலும்பைத் தூக்கிப் பிடித்து, இந்த மானுக்குச் செட்டை இருந்ததா மச்சான் என்று கேட்டான். ஆலோசனை சொன்ன பாவி அவன்தான் என்பதை நான் அங்கே சொல்லவில்லை. கலியாணத்தன்று தாரை வார்க்கும்போது ஐயர் என் நெற்றியை இரண்டு தரம் பார்த்துவிட்டு, திருநீற்றைக் கொஞ்சம் கூடப் பூசுங்கோ என்றார். வீடியோக்காரர் முழுநாளும் என்னை இடப்பக்கத்தால் மட்டுமே எடுத்தார்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்தில் டேனிஷ் வழக்கப்படி மாப்பிள்ளையின் தகப்பன் பேச எழும்பினார். கையில் கடதாசி சுற்றிய ஒரு பொருள். இங்கே வேட்டைக்காரர்கள் தாங்கள் சுட்ட மானின் கொம்பைச் சின்ன மரத்தகட்டில் பொருத்தி, திகதியும் இடமும் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். ஜென்ஸ் கடதாசியைப் பிரித்தார். பரணில் இருந்த பலகை. துளை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி, மினுக்கி, ஓக் மரத்தகட்டில் பொருத்தி, கீழே என் பெயரும் திகதியும் எழுதியிருந்தது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டேனிஷ் மொழியில் சம்பந்திக்குச் சொல் கிடையாது. தர்ஷினியிடம் கேட்டுப் பழகியிருப்பார் போல. "இது என் சம்பந்தி சுட்டது," என்றார், அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில். இதை வீட்டுச் சுவரில் எங்கே மாட்டுவது என்று யோசித்து, நடுவில் மாட்டத் தீர்மானித்திருப்பதாகவும் சொன்னார். முந்நூறு பேரும் சிரித்தார்கள். நான் ஒரு கடதாசிக் கைக்குட்டையால் தையலைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தேன்.

ஸ்கோப்பைப் போட்டிக்குச் சுடுகிற ஒருவருக்கு விற்றுவிட்டேன். அவர் அதனால் பரிசு வாங்குகிறாராம், பொருளில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த வைகாசியில் ஜென்ஸோடு பரணுக்குப் போனேன், இந்தமுறை தேநீர்ப் போத்தலோடு மட்டும். இன்றும் அப்படித்தான் போகிறேன்.

தர்ஷினியின் மகளுக்கு இப்போது நாலு வயது. ஜென்ஸ் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் கையைப் பிடித்துச் சுவரடிக்குக் கூட்டிப்போய் விளக்குவது அவள் வேலை. இது அப்பாவின் அப்பா சுட்ட மான், இதுவும் அவர் சுட்ட மான், இதுவும் மான் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வருவாள். நடுவுக்கு வந்ததும் நிற்பாள். இது அம்மாவின் அப்பா சுட்ட பலகை என்று நிதானமாகச் சொல்வாள். விருந்தாளிகள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் மறுப்பதில்லை. அளந்து பார்த்திருக்கிறேன், அந்தச் சுவரில் இருப்பவற்றில் ஆகப் பெரியது என்னுடையதுதான்.